சம்பந்தியின் கோட்டா

நான் குடியை விட்டது திருந்துவதற்காக அல்ல, ஒருவரைத் தோற்கடிப்பதற்காக. குடியை விடுகிறவர்களின் கூட்டத்தில் முதல் நாளே இதைச் சொன்னேன். யாரும் அதிர்ச்சி அடையவில்லை. ஒருவர் தலையாட்டினார், இன்னொருவர் டீயை ஊதிக் குடித்தார். அதைவிட மோசமான காரணங்களோடு வந்தவர்கள் அங்கே இருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

தோற்கடிக்கப்பட வேண்டியவர் என் சம்பந்தி, அதாவது என் ஒரே மகளின் மாமனார். வேலூர்ப் பக்கத்துக்காரர். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்று, ஹைதராபாதில் சைனிக்புரியில் வீடு கட்டி, வாசலில் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்துக்கொண்டு ஒழுக்கமாக வாழ்பவர். அவருக்குக் குடிப்பழக்கம் இல்லை. ஆனால் முன்னாள் ராணுவத்தினருக்குக் கேன்டீனில் மாதாமாதம் மதுபானக் கோட்டா உண்டு. குடிக்காதவருக்கும் உண்டு. அதை வேண்டாம் என்று விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. அரசாங்கம் கொடுப்பதை வாங்காமல் இருப்பது அவருடைய அகராதியில் ஒழுங்கீனம். வாங்குவார். வாங்கியதை ஸ்கூட்டரில் வைத்து எங்கள் அடுக்ககத்துக்குக் கொண்டுவருவார். துணிப்பைக்குள் முருங்கைக்காய், அதன் மேல் கறிவேப்பிலை, அடியில் செய்தித்தாளில் சுற்றிய ரம்.

"நமக்கு எதுக்கு சம்பந்தி இதெல்லாம்? நீங்க வெச்சுக்கோங்க" என்பார். ஒரு பைசா வாங்கியதில்லை.

நான் அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன். படிக்கக் கோப்பு இல்லை, திட்ட ஆள் இல்லை, சாயங்காலங்கள் நீளமாக இருந்தன. எவ்வளவு குடித்தேன் என்பதை விவரிக்கப் போவதில்லை. விவரிக்கத் தொடங்கினால் அதில் ஒரு பெருமை வந்து உட்கார்ந்துகொள்கிறது. கூட்டத்தில் பலரிடம் அதைப் பார்த்திருக்கிறேன்.

என் பேரனுக்குக் காது குத்தியபோதுதான் விவகாரம் ஆரம்பித்தது. காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். என் மகளுக்கு உடன்பிறந்தவன் கிடையாது. அப்படிப்பட்ட வீட்டில் தாய்வழித் தாத்தா மடி என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அன்று மரியாதை கருதிக் காலையிலிருந்து ஒரு சொட்டும் தொடவில்லை. தினமும் குடிப்பவன் ஒருநாள் திடீரென்று நிறுத்தினால் மதியத்துக்குள் அவன் கைக்கு என்ன ஆகும் என்பது குடித்தவர்களுக்குத் தெரியும். புது வேட்டி கட்டி மணையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினேன். சம்பந்தி அணிவகுப்பு மைதானத்துக் குரலில் சொன்னார்:

"குழந்தைய அவர்கிட்ட குடுக்காதீங்க. கைய பாருங்க எப்படி ஆடுதுன்னு. ஊசி கண்ணுல பூந்துடும்."

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் என் கையைப் பார்த்தார்கள். சாப்பிடுவதற்காக வந்திருந்த என் மனைவியின் தூரத்து உறவுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு மணையில் உட்கார வைத்தார்கள். நான் எழுந்து இடம் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றேன். என் கையை ஆட்டிவைத்த சரக்கு யாருடைய தோட்டத்து முருங்கைக்காயோடு வந்தது என்பது அந்தக் கூடத்தில் மூன்றே பேருக்குத் தெரியும். எனக்கு, என் மனைவிக்கு, அவருக்கு.

மகளுக்குத் தெரியாது. சொல்லிவிடலாம் என்று அன்றே கிளம்பினேன். மனைவி தடுத்தாள். அவள் திருநெல்வேலிக்காரி. எத்தனை வருடம் ஹைதராபாதில் இருந்தாலும் கோபம் வந்தால் தாமிரபரணித் தண்ணீர்தான்.

"சவத்த விடுங்க. அவ வாழுத வீடு அது. மாப்பிள்ளை பாதி நாள் அமெரிக்காவுல கெடக்காரு. இவ தெனமும் அந்த மனுசன் மொகத்துலதான் முழிக்கணும். உங்க வாயில இருந்து ஒரு வார்த்தை வரப்பிடாது, ஆமா."

வாக்குக் கொடுத்தேன். என் வாயிலிருந்து வராது என்று.

அடுத்த குழந்தை வரப்போகிறது என்று மகள் சொன்ன அன்று எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான் வந்தது. இந்தக் குழந்தை என் மடியில் உட்கார வேண்டும். சம்பந்தி நின்று பார்க்க வேண்டும்.

அதற்குக் குடியை விட வேண்டும். என் பணிக்காலம் முழுவதும் ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவில் கழிந்தது. குற்றச்சாட்டுக் குறிப்பாணை எழுதுவது, விளக்கம் கேட்பது, விசாரணை அதிகாரியாக உட்கார்ந்து சாட்சிகளை விசாரிப்பது. எந்த வேலைக்கும் ஒரு வழிமுறை உண்டு, எந்த வழிமுறைக்கும் ஓர் அலுவலகம் உண்டு என்று நம்புகிறவன் நான். குடியை விடுவதற்கு எந்த அலுவலகம் என்பதுதான் தெரியவில்லை. வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் போனேன். வைட்டமின் மாத்திரை எழுதிக்கொடுத்து, காலையில் நடக்கச் சொன்னார். தாமும் வாரக் கடைசியில் மட்டும்தான் என்றார். நான் கேட்கவே இல்லை. ஒரு மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினேன். கூடவே தங்க ஓர் ஆளை அழைத்துக்கொண்டு வந்து சேரச் சொன்னார்கள். மகளுக்குத் தெரியாமல் அது நடக்காது. ஜெயித்த பிறகுதான் தெரிய வேண்டும் என்பது என் கணக்கு.

கடைசியில் ஆங்கில நாளிதழில் கிடைத்தது. 'இன்று நகரில்' என்ற பத்தியை இலவசக் கச்சேரிகளுக்காக வருடக்கணக்கில் படித்துவந்தவன் நான். கீதை உபன்யாசத்துக்கும் பட்டுப்புடவைக் கண்காட்சிக்கும் நடுவில் ஒரு வரி: குடி உங்களுக்குப் பிரச்சினையாக இருந்தால் வரலாம். இடமும் நேரமும் இருந்தன. பொறுப்பாளர் பெயர் இல்லை, தொலைபேசி எண் இல்லை. வெளியிடும் அதிகாரி யார் என்றே தெரியாத ஓர் அறிவிப்பு. அலுவலகமாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

போனேன். செகந்திராபாதில் ஒரு தேவாலயத்தின் பின்கட்டு, ஆங்கிலக் கூட்டம். பாதிப் பேர் மென்பொருள் கம்பெனிப் பையன்கள். கழுத்து அட்டையைச் சட்டைப் பைக்குள் சொருகிக்கொண்டு வந்திருந்தார்கள். திரையில் படம் போட்டு விளக்குகிற தோரணையிலேயே தங்கள் வீழ்ச்சியை விளக்கினார்கள். எல்லோரும் ஏதோ ஒரு 'ஜர்னி'யில் இருந்தார்கள். முடிந்ததும் ஒரு பையன் என்னிடம் வந்து, "அங்கிள், லோத்குண்டால தமிழ் மீட்டிங் இருக்கு. உங்களுக்கு அங்க கம்ஃபர்டபிளா இருக்கும்" என்றான். எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் அடுத்த பிரிவுக்கு அனுப்புவார்கள் என்பது எனக்குப் பழக்கமானதுதான்.

லோத்குண்டாவில் கன்டோன்மென்ட் சுவரை ஒட்டி ஒரு சின்னப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் போன பிறகு முதல் வகுப்பு அறையில் கூடினார்கள். பெஞ்சுகள் ஆறு வயதுக்காரர்களுக்கானவை. உட்கார்ந்தால் முழங்கால் முகவாயைத் தொடும். சுவரில் ஆப்பிளும் பந்தும் பூனையும் வரைந்த படம். ரயில்வே பட்டறை வேலைக்காக எந்தக் காலத்திலோ மதராஸிலிருந்து வந்த குடும்பத்துப் பெரியவர்கள், ராணுவ லாரி ஓட்டிய ஒருவர், ஒரு தையல்காரர். கூட்டத்தை நடத்தியவர் ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மாள். அவரும் குடித்தவர்தான். நைட் டியூட்டியில் பழகியது என்று சாதாரணமாகச் சொன்னார், சர்க்கரை வியாதி பற்றிச் சொல்வதுபோல.

விதிகள் கொஞ்சம்தான். பேர் சொல்லத் தேவையில்லை. அவரவர் கதையை அவரவர் சொல்லலாம். பேசுகிறவரை யாரும் இடைமறிக்கக் கூடாது. கேள்வி கேட்கக் கூடாது, பதில் சொல்லக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. கைதட்டலும் கிடையாது. பேசி முடித்ததும் எல்லோரும் சேர்ந்து "நன்றி" என்பார்கள், அவ்வளவுதான். ஒரே ஒரு விலக்கு. யாராவது தன் கதையை விட்டு அடுத்தவர் கதைக்குப் போனால் நர்ஸ் அம்மாள் டம்ளரில் ஸ்பூனால் தட்டுவார். முதல் நாள் எனக்கு அவர் தட்டிய தட்டில் டம்ளர் நசுங்காதது ஆச்சரியம்.

"சார், அது உங்க சம்பந்தி கதை. அவர் வந்தா அவர் சொல்லிக்குவாரு. உங்க கதைய சொல்லுங்க."

அவர் இல்லாமல் என் கதையே இல்லை என்றேன்.

"ஹவ், ஆமா, எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. உங்க வாயைத் தொறந்து அவரா ஊத்துனாரு?"

ஒரு விசாரணை அதிகாரியை இப்படிக் குறுக்கு விசாரணை செய்யலாமா என்று எனக்குக் கோபம்தான். ஆனாலும் அடுத்த வாரமும் போனேன். அதற்கடுத்த வாரமும் போனேன். சாயங்காலம் கை தானாக அலமாரிப் பக்கம் போகிற நேரத்தில் மற்றவர்கள் பிரார்த்தனை செய்வதாகச் சொன்னார்கள். நான் சம்பந்தியின் முகத்தை நினைத்துக்கொள்வேன். "கைய பாருங்க" என்று சொன்ன வாயை நினைத்துக்கொள்வேன். அது பிரார்த்தனையைவிட நன்றாக வேலை செய்தது. மாதங்கள் போகப் போக நடுக்கம் நின்றது. சாப்பாடு ருசித்தது. வெறுப்பு மட்டும் அப்படியே இருந்தது. அதை விடச் சொல்லி யாரும் என்னைக் கட்டாயப்படுத்த முடியாது என்பதுதான் அந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்த விதி.

குடியை விட்டுவிட்டேன் என்று சம்பந்தியிடம் வாசலிலேயே வைத்துச் சொன்னேன். "ரொம்ப நல்லது சம்பந்தி, ரொம்ப நல்லது" என்று தோளில் தட்டினார். அடுத்த மாதம் அதே பை வந்தது. முருங்கைக்காய், கறிவேப்பிலை, செய்தித்தாள் பொட்டலம்.

"நான் விட்டுட்டேன்னு சொன்னேனே."

"விருந்தாளி வந்தா ஆகுமில்ல? நான் வெச்சுக்கினு இன்னா பண்ணப்போறேன்? எனக்கு அந்த வாசனையே ஆகாது."

மனைவி அதைக் குளியலறைச் சாக்கடையில் ஊற்றித் தண்ணீர் விட்டாள். வாசனை போகும்வரை நான் கீழே பூங்காவில் போய் உட்கார்ந்திருந்தேன். அடுத்த மாதமும் வந்தது. அதன் பிறகும் வந்தது. அவர் என்னைக் கெடுக்க நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. கெடுக்க நினைப்பவனையாவது மன்னிக்கலாம். இவருக்குத் தான் நல்லவர் என்று மாதாமாதம் நிரூபித்துக்கொள்ள ஓர் இடம் தேவைப்பட்டது. அந்த இடம் நான்.

பேத்தி பிறந்தாள். பல் முளைப்பதற்கு முன் காது குத்திவிட வேண்டும் என்று சம்பந்தி நாளும் பார்த்துவிட்டார். மகளிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். அவள் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"அப்பா, விட்டுட்டேன்னு சொல்றீங்க, ஓகே. முன்னாடியும் சொல்லியிருக்கீங்க இல்ல? மாமா ஆல்ரெடி போன தடவை உக்காந்த அந்த அண்ணாகிட்ட சொல்லிட்டாங்க. நான் எதை வெச்சு மாமாகிட்ட பேசறது?"

சாட்சியம் கேட்டாள். என் மகள், தவறாகக் கேட்கமாட்டாள். சாட்சியம் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அன்றே உட்கார்ந்து, கூட்டத்துக்கு நான் தவறாமல் வந்திருப்பதாக வருகைச் சான்றிதழ் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதினேன். நர்ஸ் அம்மாளுக்குச் சிரமம் வேண்டாம் என்று, 'இதனால் சான்றளிக்கப்படுவது யாதெனில்' என்று தொடங்கிச் சான்றிதழையும் நானே தட்டச்சு செய்து, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டுக் கொண்டுபோனேன்.

அவர் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். லாரி ஓட்டியவரிடம் கொடுத்தார். அவரும் சிரித்தார்.

"சார், இங்க யாருக்கும் பேரே கிடையாது. பேர் இல்லாதவருக்கு பேர் இல்லாதவ என்னன்னு எழுதிக் குடுக்கறது?"

வருகைப் பதிவேடு ஏதாவது இருந்தால் அதன் நகல் போதும் என்றேன்.

"நக்கோ சார், வேணாம். ரிஜிஸ்டர் எல்லாம் நக்கோ." என் சான்றிதழை மேசைமேல் விரித்து அதில் பிஸ்கட்டைக் கொட்டினார். "அடுத்த மாசம் உங்களுக்கு வருஷம் முடியுது. கேக் வெட்டுவோம். வீட்டு ஆளுங்கள கூட்டிட்டு வாங்க. கண்ணால பார்க்கட்டும்."

வருடம் முடிகிறவர்களுக்கு அப்படி ஒரு திறந்த கூட்டம் உண்டு. மற்றவர்களுடையதை நான் பார்த்திருக்கிறேன். விருந்தாளிகளையும் இரண்டு வார்த்தை பேசச் சொல்வார்கள். விருந்தாளிக்கும் அதே விதி. யாரும் இடைமறிக்கக் கூடாது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஷேர் ஆட்டோவில் என் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்திருக்க வேண்டும். எதிரில் உட்கார்ந்திருந்த பெண் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

சம்பந்தியின் பிரசங்கம் எனக்கு மனப்பாடம். கல்யாணமானாலும் கிரகப்பிரவேசமானாலும் யாராவது மைக்கைக் கையில் கொடுத்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் தான் குடிக்காதவர் என்பதில்தான் வந்து நிற்கும். அதற்கு ஆதாரமாகக் கோட்டா வரும். விசாரணைகளில் நான் கற்றுக்கொண்டது இதுதான். கேள்வி கேட்டால் ஆள் எச்சரிக்கையாகிவிடுவான். நாற்காலி போட்டு, தண்ணீர் வைத்து, நாம் சும்மா இருந்தால் போதும். தன்னை நல்லவன் என்று நம்புகிறவனால் மௌனத்தைத் தாங்க முடியாது.

சைனிக்புரிக்குப் போய், மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சம்பந்தியை முறைப்படி அழைத்தேன். தங்களைப் போன்ற ஒருவர் வந்து பேசினால் அங்கே இருப்பவர்களுக்கு உபயோகமாக இருக்கும் என்றேன். அவர் தன் கோட்டுச் சட்டையைச் சலவைக்குக் கொடுத்தார்.

கேக் வெட்டும் கூட்டத்தன்று அவருக்கு மட்டும் தலைமையாசிரியர் அறையிலிருந்து நாற்காலி வந்தது. மகளும் மனைவியும் முதல் பெஞ்சில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் கொஞ்சமாகத்தான் பேசினேன். ஒரு வருடமாகக் குடிக்கவில்லை, என்னைச் சகித்துக்கொண்டதற்கு நன்றி. சம்பந்தியைப் பற்றி ஓர் எழுத்து இல்லை. நர்ஸ் அம்மாள் ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சம்பந்தி எழுந்தார்.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு சொட்டு தொட்டதில்ல நான். பனியில நிப்போம், சுத்தி அத்தினி பேரும் குடிப்பான். நான் டீ. மனசுல கட்டுப்பாடு வேணும், அவ்ளோதான் விஷயம். இன்னைக்கும் மாசாமாசம் கோட்டா வருது. என் வீட்டுல ஒரு பாட்டில் பார்க்க முடியாது."

வழக்கமாகக் கைதட்டல் வருகிற இடம் இது. நிறுத்தினார். யாரும் தட்டவில்லை. யாரும் அசையவில்லை. வெளியே ராணுவ லாரி ஒன்று கியர் மாற்றிப் போனது. நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒருமுறை எல்லோர் முகத்தையும் பார்த்தார். நம்பவில்லையோ என்று நினைத்திருக்க வேண்டும்.

"அப்படியே எடுத்துக்கினு போய் குடுத்துருவேன். காசு கூட வாங்கமாட்டேன். இதோ, சம்பந்தியையே கேளுங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவருக்குத்தான் எல்லாம். ஒரு மாசம் தவறினதில்ல. போன மாசம் கூட குடுத்துட்டு வந்தேன்."

லாரி ஓட்டியவரின் கையில் இருந்த பிஸ்கட் டீக்குள் விழுந்தது. விதிப்படி எல்லோரும் "நன்றி" என்றார்கள். நர்ஸ் அம்மாளின் நன்றி மட்டும் கொஞ்சம் பிந்தி வந்தது. சம்பந்தி திருப்தியாக உட்கார்ந்து கேக் சாப்பிட்டார்.

என் வாழ்க்கையில் எத்தனையோ ஒப்புதல் வாக்குமூலங்களைப் பதிவு செய்திருக்கிறேன். இவ்வளவு சுத்தமாக ஒன்றும் கிடைத்ததில்லை.

மகள் காரை ஓட்டினாள். சம்பந்தி முன்னால், நாங்கள் பின்னால். வண்டி சைனிக்புரிக்குள் திரும்பியது. திரும்பியதும் அவள் கேட்டாள்:

"மாமா, அப்பாவுக்கு அந்த பாட்டில்ஸ் எல்லாம் நீங்கதான் குடுத்தீங்களா?"

"நான் குடிக்கச் சொன்னேனாம்மா? வெச்சுட்டு வந்தேன், அவ்ளோதான்."

"விட்டதுக்கு அப்புறமுமா?"

அவர் சீட் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டார். வீடு வந்தது. அவள் இன்ஜினை அணைக்காமலே சொன்னாள்: "பாப்பா அப்பா மடியிலதான் உக்காருவா. அந்த அண்ணாகிட்ட நான் பேசிக்கறேன்." சம்பந்தி இறங்கிக் கதவைச் சாத்தினார். சரியாகச் சாத்தவில்லை, மறுபடி திறந்து சாத்த வேண்டியிருந்தது.

எங்களை இறக்கிவிடும்போது எனக்கும் கிடைத்தது. "எதுக்கு அவரை அங்க கூட்டிட்டுப் போனீங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்காதீங்க அப்பா" என்றாள். மனைவி செருப்பைக் கழற்றும்போது ஆரம்பித்தாள்.

"நீங்க சொல்லல. சொல்ல வெச்சிட்டிய."

"நான் வாயையே திறக்கலையே."

"அதத்தான் நானும் சொல்லுதேன்."

அடுத்த வாரக் கூட்டத்தில் நர்ஸ் அம்மாள் புது விதி ஒன்றை அறிவித்தார். இனிமேல் விருந்தாளிகளுக்குப் பேச்சு கிடையாது, கேக் மட்டும்தான். அறிவித்துவிட்டு என்னைப் பார்த்தார். "சொந்தக் கதையத்தான் சொன்னாரு. ஸ்பூன் தட்டக்கூட முடியல" என்றார். வெறுப்பும் ரம்மும் ஒரே கடைச் சரக்குதான், அதையும் ஒருநாள் கீழே வைக்க வேண்டியிருக்கும் என்று வெளியே வந்தபோது தனியாகச் சொன்னார். கேட்டுக்கொண்டேன். எத்தனையோ விதிகளுக்குத் திருத்தம் எழுதியிருக்கிறேன். என்னை முன்னிட்டு ஒரு விதி திருத்தப்பட்டது அதுதான் முதல் தடவை. அந்த மகிழ்ச்சியில் அவர் சொன்ன மற்றது சரியாக உள்ளே இறங்கவில்லை.

காது குத்து சம்பந்தி வீட்டிலேயே நடந்தது. அதே கூடம், ஏறக்குறைய அதே ஆட்கள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிப் பேத்தியை என் மடியில் வைத்தார்கள். ஆசாரி, தாய்மாமன் யார் என்று கேட்டார். கூடம் சம்பந்தியைப் பார்த்தது. வீட்டுக்குப் பெரியவர் அவர்தானே, அவர்தான் சொல்ல வேண்டும். "இவருதான்" என்றார். ஆசாரிக்குக் காது மந்தம். இன்னொரு தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. குழந்தைக்கு வேடிக்கை காட்டுவதற்காக ஒரு கிலுகிலுப்பையை அவர் கையில் கொடுத்திருந்தார்கள். அவர் குனிந்து ஆட்டிக்கொண்டிருந்தபோது ஆசாரி வலது காதில் குத்தினார். பேத்தி வீறிட்டுக் கத்தி, என் சட்டைப் பொத்தானைப் பிய்த்தாள்.

அந்தக் கத்தலுக்கு நடுவில் சம்பந்தி என் முகத்துக்கு அருகே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார். "இப்ப திருப்திதானே சம்பந்தி?"

ஆசாரி எழுந்து இடது பக்கம் வந்து உட்கார்ந்தார்.

"இன்னும் ஒரு காது இருக்கு சம்பந்தி" என்றேன். "நல்லா ஆட்டுங்க."